சீட்டில் இல்லாத கேள்வி

சீட்டில் நம்பர் போட்டிருக்கக் கூடாது. வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனம் செய்திருக்கிறேன். ஆனால் மூன்று துண்டுத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியதைப் போல இன்னொன்றைச் செய்ததில்லை. அதுவும் நான் உடையார்பாளையம் பக்கத்துக்காரி. எங்கள் ஊர் ஆட்களை முப்பத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

என் பெயர் வினோதினி. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான், வகுப்புகள் எல்லாம் நிஜம். அங்கேயே ஏழு வருடமாகப் பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒரு முறை கெடு நீட்டித் தந்துவிட்டது. அந்தக் கெடுவும் ஜூன் மாதத்தோடு முடியவிருந்தது. ஏப்ரலில் நடந்த வாய்மொழித் தேர்வில், அதாவது எல்லோரும் வைவா என்று சொல்வதில், நான் தேறியே ஆகவேண்டியிருந்தது. தவறினால் பதிவு ரத்து. ஏழு வருடமும் அம்போ.

நான் ஆராய்ந்தது ஒரு புரதக் குடும்பத்தை. உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கும், வெளிவரிசை ஒன்று, உள்வரிசை ஒன்று. வெளிவரிசையில் நிற்பது அவ்வளவு சுலபத்தில் உள்வரிசைக்குப் போகாது. அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுகிற வேலைக்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. ஃபிளிப்பேஸ் என்று பெயர். சும்மா தள்ளாது, செல்லின் சக்தியைச் செலவழித்துத்தான் தள்ளும். எங்கள் பக்கத்தில் விளைகிற மக்காச்சோளத்திலிருந்து அப்படி ஒன்றை எடுத்து, ஈஸ்ட் செல்லில் வைத்து, ஒளிரும் கொழுப்பை வெளியே விட்டு, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தேன். எழுபது சதவீதம் போனது. இதை என் அம்மா கிருஷ்ணம்மாளிடம் ஒருநாள் விளக்கியபோது, "ஏழு வருசமாவா தள்ளிக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். நான் எழுந்து போய்விட்டேன்.

இனி ஒரு அசிங்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புரதம்தான் தள்ளியது என்று நிரூபிக்க, செல்லின் சக்தியை நிறுத்திவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். அப்போது கொழுப்பு உள்ளே போகக் கூடாது. முதல் தடவை ஐந்து சதவீதம் போனது. இரண்டாம் தடவை ஆறு. அந்த அளவு கசிவு எங்கேயும் இருக்கும். மூன்றாம் தடவை நாற்பத்தொன்று. சக்தியே இல்லாமல் நாற்பத்தொன்று சதவீதம் எப்படி உள்ளே போனது? சாகப் போகிற செல்லில் வேறு ஒரு வகைப் புரதம் கதவைத் திறந்துவிட்டு இரண்டு வரிசையையும் கலந்துவிடும். ஃப்ரிட்ஜில் இருந்த பழைய செல், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் திரும்பச் செய்து பார்க்கவில்லை. ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஐந்தையும் ஆறையும் போட்டேன், நாற்பத்தொன்றை விட்டுவிட்டேன். என் வழிகாட்டி பேராசிரியர் தர்மனுக்குக்கூடச் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேராசிரியர் ஜெகதாம்பாள். காலையில் அவர் என் ஆய்வேட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோதே பார்த்துவிட்டேன். ஒரே ஒரு பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை கடிகாரம். இரண்டு மணிக்கு அவருக்குத் திருச்சி போகக் கார் ஏற்பாடாகியிருந்தது. தேர்வாளர் கேள்விகள் முடிந்ததும் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம், அது விதி. எங்கள் துறையில் அதற்கு ஒரு பழக்கமும் உண்டு. ஆராய்ச்சி மாணவரே நல்ல கேள்விகளாக எழுதி, முன்கூட்டியே தெரிந்தவர்களிடம் சீட்டாகக் கொடுத்துவிடுவார். அவர்கள் எழுந்து கேட்பார்கள், இவர் திகைத்தது போல ஒரு நொடி நின்றுவிட்டு அருவி மாதிரி பதில் சொல்வார். நானே எட்டுப் பேருக்குக் கேட்டிருக்கிறேன். என் திட்டம் சுருக்கமானது: சீட்டுக் கேள்விகளுக்கு நீட்டி முழக்கிப் பதில் சொல்லி, மணி இரண்டாகும்வரை இழுத்துவிடுவது.

பார்த்தால், துறையில் பாதிப் பேர் தேர்வுப் பணிக்கு வேறு ஊர் போயிருந்தார்கள். ஆனால் என் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள், பழத்தட்டு, மாலை, ஒரு குடம் மோர் சகிதம். அவர்களில் மூவரைப் பிடித்துச் சீட்டைக் கொடுத்தேன். ஸ்லைடு வரிசைப்படி கேட்கட்டும் என்று நம்பரும் போட்டேன். ஒன்று அப்பாவுக்கு. இரண்டு சித்தப்பாவுக்கு. மூன்று அம்மாவுக்கு.

அப்பா பஞ்சநாதனும் சித்தப்பா உத்திராபதியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. ஊர் மாரியம்மன் கோயில் தேரன்று யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்பதில் வந்த வினை. அந்த வருடம் வரிசையில் முதலில் நின்றது சித்தப்பா. பூசாரி துணியை எடுத்துக்கொண்டு வந்தபோது முதலில் நின்றது அப்பா. நடுவில் என்ன நடந்தது? வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து தானாகவே பின்னால் நகர்ந்தான் என்பார் அப்பா. முழங்கையால் தள்ளிவிட்டார் என்பார் சித்தப்பா. ஊரில் பாதிப் பேர் இப்படிச் சொல்கிறார்கள், பாதிப் பேர் அப்படிச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் எல்லா விசேஷத்துக்கும் வருவார்கள், ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். அன்று வேனிலும் ஒருவர் டிரைவர் பக்கத்தில், ஒருவர் கடைசி சீட்டில். இவர்களிடம் போய் நான் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். ஐம்பது நிமிடம் பேசினேன். வெளிவரிசையில் நிற்கிற சிவப்பு உருண்டை ஒன்றைப் புரதம் பிடித்து உள்வரிசைக்குத் தள்ளுகிற படத்தைத் திரையில் ஓடவிட்டேன். சொந்தக்காரர்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். சித்தப்பா மட்டும் முன்னால் குனிந்து, அந்த உருண்டையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெகதாம்பாள் மேடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். குரல் உயரவே இல்லை. முதல் அத்தியாயம், இரண்டு, மூன்று, பிறகு நேராக ஐந்து. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இருப்பது நான்காவதில்.

"நாலாவதுக்குக் கடைசில வரேன். மொதல்ல வந்திருக்கவங்க கேக்கட்டும்" என்றார்.

மணி ஒன்று இருபது. தர்மன் சார் எழுந்து, பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார். அப்பா உடனே எழுந்தார். துண்டைச் சரிசெய்து, கண்ணாடியை மாட்டி, சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துத் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் எதிர்ப்பக்கத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"அவரு எதுக்கு மொதல்ல கேக்கறாரு?" என்றார் சித்தப்பா.

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கிருஷ்ணம்மா, அங்க கேக்குற ஆளுகிட்டச் சொல்லு. என் சீட்டுல ஒன்னுன்னு போட்டுருக்கு."

"அண்ணி, நம்பர் போட்டது யாருன்னு கேளுங்க. கோயில்லதான் அப்படி நடந்துச்சுன்னா காலேஜுலயுமா?"

"போட்டது எம் பொண்ணு. அவளுக்குத் தெரியாதா யாரு பெரியவன்னு?"

"அதான பாத்தேன். வூட்டுக்குள்ளயே பேசி முடிச்சிட்டுத்தான் நம்பர் போட்டிருக்கீங்க."

நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பினார். பிறகு, "சீட்டெல்லாம் இருக்குறத வெளிய சொல்லக் கூடாதுன்னு பாப்பா சொன்னாள்ல. ரெண்டு பேரும் இப்படிப் போட்டு ஒடைக்கிறீங்களே" என்று சத்தமாகவே சொன்னார்.

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. தர்மன் சார் மேல்கூரையில் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்ன சீட்டு?"

"கொண்டாங்க பாப்போம்" என்று கையை நீட்டினார். அப்பா கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மாவும் கொடுத்தார். சித்தப்பா மட்டும் தன்னுடையதை நான்காக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். இரண்டாம் நம்பரை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

மேடம் அம்மாவின் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தில் இருந்ததை வாய்விட்டு வாசித்தார்: "கேட்டு முடித்ததும் உட்கார்ந்துவிடவும். வேறு எதுவும் பேச வேண்டாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு மாதத்துக்குச் சோறு கிடைக்காது.

"எங்க ஊர்லயும் இந்தப் பழக்கம் உண்டு" என்றார் மேடம். "ஆனா நம்பர் போட மாட்டோம். சரி, சீட்டு இல்லாம யாராவது ஒரு கேள்வி கேளுங்க. ஒன்னே ஒன்னு போதும்."

சொந்தக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நல்லவேளை, இதோடு தப்பித்தோம், இனி ஏதாவது பேசி நேரத்தைக் கடத்தலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், சித்தப்பா இன்னும் உட்காரவில்லை.

"நான் ஒன்னு கேக்கறேங்க" என்றார்.

"கேளுங்க ஐயா."

அவர் திரையைக் காட்டினார். "பாப்பா, அந்தச் செவப்பு உருண்டை மொதல்ல வெளிய நின்னுச்சு. அப்பறம் பாத்தா உள்ள நிக்குது. இந்தப் புரதந்தான் தள்ளிவிட்டுச்சுன்னு நீ சொல்ற. அது தானா நகந்து போயிருந்தா? ரெண்டுலயும் கடைசில பாக்குறப்ப உருண்டை உள்ளதான நிக்கும்? தள்ளிவிட்டதுக்கு என்ன சாட்சி?"

கேள்வி என்னிடம், கண் அப்பாமேல். ஒன்பது வருடக் கோபத்தைக் கொண்டுவந்து என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இறக்கிவிட்டார் மனுஷன். ஏழு வருடமாக என் துறையில் ஒருத்தர்கூட இதை என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்குத்தான் சித்தப்பா இன்னொரு சோதனை பண்ணோம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "புரதம் தள்ளணும்னா சக்தி வேணும். அந்தச் சக்திய நிறுத்திட்டுப் பாத்தோம். அப்பவும் உள்ள போச்சுன்னா தானா போவுதுன்னு அர்த்தம். ஆனா போகல. அஞ்சு சதவீதம், ஆறு சதவீதம், அவ்வளவுதான்."

"எத்தன தடவ பாத்த?"

"ரெண்டு."

"ரெண்டோட எப்படி விட்ட? நம்ம வயல் வரப்ப அளக்குறப்ப சர்வேயர மூனு தடவ அளக்க விட்டியே நீ. மூனாவது தடவதான வித்தியாசம் வந்துச்சு."

உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னொரு தடவை அளங்க சார் என்று அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தினேன். சித்தப்பாவுக்குச் சேரவேண்டிய நாலடி நிலம் அப்படித்தான் திரும்பி வந்தது. அவர் இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. இவ்வளவு விவரமான பொண்ணு ஏன் இரண்டோடு நிறுத்தினாள் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

செல் போதவில்லை, நேரம் இல்லை, கருவி பழுது. பொய்கள் எல்லாம் வரிசையாக வாய்வரை வந்து நின்றன. எதைச் சொன்னாலும் நம்புகிற மாதிரிதான் இருக்கும். மணி ஒன்று முப்பத்தைந்து.

"மூனு தடவ பாத்தேன் சித்தப்பா" என்றேன். "மூனாவது தடவ நாப்பத்தொன்னு வந்துச்சு. பழைய செல்லா இருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். திரும்பப் பண்ணிப் பாத்திருக்கணும். பாக்கல. மறுபடியும் அதே வந்துருமோன்னு பயமா இருந்துச்சு. சாருக்கும் தெரியாது."

தர்மன் சார் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. மேடம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து மஞ்சள் தாளில் ஏதோ எழுதினார். "நோட்டுல இருக்கா அந்த மூனாவது?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு தர்மன் சாரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அம்மா எழுந்துவிட்டார்.

"ஏந் தம்பி, ஒங்களுக்கு நல்லாருக்கா? ஒங்க அண்ணன்மேல இருக்குற ஆத்திரத்துக்கு எம் பொண்ணு படிப்புதான் கெடச்சுதா? ஏழு வருசமா பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போய்ப் படிச்ச புள்ள. குடுத்த சீட்டப் படிச்சுட்டு உக்காந்திருந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு எட்டு வைத்து அந்தக் கதவுக்குப் போனார், லேசாகத் தட்டித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அம்மா, நான் கேட்ட கேள்விய வாபஸ் வாங்கிக்கிறேங்க."

"கேட்டதத் திருப்பி வாங்க முடியாதுங்க ஐயா. கதவச் சாத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியாது பாப்பா. சத்தியமா தெரியாது" என்றார். தப்புச் செய்தது நான், மன்னிப்புக் கேட்கிறவர் அவர்.

அம்மா இரண்டாம் சுற்றுக்கு ஆரம்பித்தார். அப்போது அப்பா எழுந்தார். போச்சு, இனி கைகலப்புதான் என்று நினைத்தேன்.

"கிருஷ்ணம்மா, நிறுத்து. அவன் கேட்டதுல என்ன தப்பு? நாப்பத்தொன்ன மறைச்சது நம்ம பொண்ணு. அத மறைச்சு வச்சு வாங்குற பட்டத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

என்னைப் பார்க்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குத்தான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பிறகு அவர் திரும்பினார். இந்த முறை அம்மாவை நடுவில் வைக்கவில்லை.

"நீ உக்காருடா. எவ்வளவு நேரம் நிப்ப" என்றார்.

சித்தப்பா உடனே உட்காரவில்லை. தன்னிடம்தான் சொன்னாரா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மேடம் நின்றுகொண்டே சொன்னார், உட்காரவில்லை.

"பட்டத்துக்குப் பரிந்துரை பண்றோம். ஆனா ஒரு நிபந்தனை. நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள அந்தச் சோதனைய இன்னும் மூனு தடவ பண்ணணும். புதுச் செல்லுல. வர்ற நம்பர் எல்லாத்தையும், இந்த நாப்பத்தொன்னையும் சேத்து, நாலாவது அத்தியாயத்துல போடணும். அதுவரைக்கும் என் கையெழுத்து கெடையாது."

"மறுபடியும் நாப்பத்தொன்னு வந்தா மேடம்?"

"வந்தா வந்ததுதான். உன் புரதம் தள்ளலன்னு எழுது. அதுக்கும் பட்டம் உண்டு. நம்பர ஒளிச்சு வைக்கிறதுக்குத்தான் இல்ல." கைப்பையை எடுத்துக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். "கேள்வி நல்லா இருந்துச்சுங்க ஐயா."

மேடம் சாப்பிடக்கூட நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். தர்மன் சார் என்னிடம் பேசியது, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு லேபுக்கு வந்துரு" என்றது மட்டும்தான். அன்று எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கருணை அதுதான் என்று இப்போது தெரிகிறது. நான் கைகழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி. இருவரும் தலை நிமிராமல் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் ரசம் ஊற்றக் குனிந்தபோது அப்பா இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ்வளவு பெரிய கேள்விய ஒனக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. ஒன்பது வருசமா ஒங்கிட்டக் கேக்கலாம்னு வச்சிருந்தது" என்றார் சித்தப்பா.

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. நான் ரச வாளியோடு அங்கேயே நின்றேன். சித்தப்பா நேராகக் கேட்ட பிறகும், நாற்பத்தொன்றைச் சொல்ல நான் வாய்வரை வந்த பொய்களையெல்லாம் தாண்டவேண்டியிருந்தது. அப்பா அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"தள்ளுனேன்" என்றார். "லேசாத்தான்."